சாவியை வைத்திருப்பவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது

திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் ‘சிறப்பு முகாம்’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் கைதிகள் அல்ல என்கிறது அரசு. ஆனால் அவர்களால் வாசலைத் தாண்ட முடியாது. யார் இவர்களை அடைத்து வைத்தது என்று மாநில அரசைக் கேட்டால், அயல்நாட்டவர் விவகாரம் ஒன்றிய அரசின் அதிகாரம் என்று பதில் வரும். ஒன்றிய அரசைக் கேட்டால், முகாமை நடத்துவது மாநில அரசு என்று பதில் வரும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் மனிதர்கள் கிடக்கிறார்கள்.

சாந்தனை நினைவிருக்கிறதா? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 31 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 2022 நவம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலையானவர் போன இடம் திருச்சி சிறப்பு முகாம். அவருடன் முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோரும் அங்கே வைக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் வயதான தாயைப் பார்க்க வேண்டும், ஊருக்கு அனுப்புங்கள் என்றுதான் சாந்தன் கேட்டுக்கொண்டிருந்தார். இலங்கை செல்வதற்கான அனுமதி 2024 பிப்ரவரி கடைசி வாரத்தில் வந்தது. பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது அவருடைய உடல். மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று அனுப்பப்பட்டார்கள்.

அவர் செய்த குற்றம் என்ன, தண்டனை சரியா என்று விவாதிக்க நான் வரவில்லை. தண்டனை முடிந்துவிட்டது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன பிறகு கழிந்த சுமார் 15 மாதங்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. உத்தரவு எங்கிருந்து வந்திருந்தாலும், கதவைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவர் சட்டத்தின் முன் பதில் சொல்லியாக வேண்டும். ‘மேலிடத்து உத்தரவு’ என்பது பதில் ஆகாது. ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வேலை செய்கிற நாம் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

முதலில் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். அயல்நாட்டவர் சட்டம் 1946 ஒன்றிய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1958-இல் ஒன்றிய அரசு, அயல்நாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் உள்ளிட்டவற்றை அரசமைப்புச் சட்டத்தின் 258(1) பிரிவின் கீழ் மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அரசின் ஒப்புதலோடு, நிபந்தனையுடனோ நிபந்தனை இல்லாமலோ, ஒப்படைக்கலாம் என்று இருக்கிறது. கூடுதல் நிர்வாகச் செலவை ஒன்றிய அரசு ஈடுகட்ட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் இது மாநிலத்தின் தலையில் கட்டப்பட்ட சுமை மட்டும் இல்லை. ஒப்புதல் கொடுத்து வாங்கிக்கொண்ட அதிகாரம்.

சிறப்பு முகாமில் வைக்கும் ஆணைகளைப் பிறப்பித்து வந்தது தமிழ்நாடு அரசின் பொதுத் துறை. முகாம் இருப்பது மாவட்ட ஆட்சியரின் கட்டுப்பாட்டில். பொறுப்பு அதிகாரி ஒரு துணை ஆட்சியர். காவலுக்கு நிற்பது தமிழ்நாடு காவல்துறை. தகவல் சேகரிப்பது கியூ பிரிவு. தில்லியிலிருந்து வந்த ஓர் ஆள் கூட அந்த வாசலில் நிற்கவில்லை.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. 1946 சட்டத்தின் 3(2) பிரிவில் பல உட்பிரிவுகள். ஒன்று, ‘இந்த இடத்தில்தான் தங்க வேண்டும், இப்படித்தான் நடமாட வேண்டும்’ என்று கட்டுப்பாடு விதிப்பது. இன்னொன்று, கைது செய்து காவலில் வைப்பது. சிறப்பு முகாம் ஆணைகள் முதல் வகையின் கீழ் போடப்பட்டவை. காவலில் வைக்கிறோம் என்று சொன்னால் காரணம், காலவரம்பு, மறுஆய்வு என்று கேள்விகள் வரும். ‘தங்குமிடம் குறித்தோம்’ என்று சொன்னால் வராது. இது காவல் அல்ல, நடமாட்டக் கட்டுப்பாடுதான் என்ற அரசின் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் சிறை மதிலுக்குள் ஓர் அறையில் பூட்டிவிட்டு ‘தங்குமிடம்’ என்று பெயர் வைத்தால் பூட்டு திறந்துவிடுமா? சேரியைக் ‘காலனி’ என்று மாற்றி எழுதியவர்களின் ஊர் இது. பெயர் மாற்றத்தின் அரசியல் நமக்குப் புதிதல்ல.

2025 செப்டம்பர் 1 முதல் 1946 சட்டம் போய், குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் 2025 வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் விலக்கு என்பது குடியுரிமை இல்லை. சிறப்பு முகாமின் கதவையும் அது திறக்காது.

‘அயல்நாட்டவர்’ என்பவர் யார்?

தென்னூரிலிருந்து கொட்டப்பட்டு முகாம் ஒன்றும் தூரதேசம் இல்லை. நகரப் பேருந்தில் ஏறினால் போய்விடலாம். அங்கே வாழும் குடும்பங்களில் பலருடைய முன்னோர்கள் எங்கிருந்து போனார்கள் என்று கேட்டால் கதை திருச்சிக்கே திரும்பும். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904-இல் ஒரு தொழிலாளர் ஆணையத்தை அமைத்தார்கள். அதன் தலைமையிடம் திருச்சி. இங்கிருந்துதான் தமிழ் மாவட்டங்கள் முழுவதும் ஆள் பிடிக்கும் வேலை நடந்தது. நிலம் இல்லாமல், பண்ணையடிமையாகக் கிடந்த பள்ளர், பறையர், அருந்ததியர் மக்கள்தான் கங்காணிகள் பின்னால் பெரும் அளவில் போனார்கள். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றினார்கள்.

இலங்கை 1948-இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத்தில் தேயிலை பறித்த சுமார் 7 லட்சம் பேரை ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983 வன்முறைக்குப் பிறகு அந்த மக்களிலும் பலர் அகதிகளாக இங்கே வந்தார்கள். இந்தச் சாதிகளின் உழைப்பை விற்ற ஊரே இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ‘அயல்நாட்டவர்’ என்று பதிவேடு வைத்திருக்கிறது.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மனுதாரர்கள் ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஆட்சியர் தாமதிக்காமல் ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும், ஒன்றிய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்பது உத்தரவு. குடியுரிமை வழங்குவது ஒன்றிய அரசுதான். ஆனால் கோப்பு நகர்வது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து. கதவைப் பூட்டுவது போலவே கோப்பைக் கிடப்பில் போடுவதும் ஒரு செயல்தான்.

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. உயர்நீதிமன்றம் 2022-இல் அதை எடுத்துச் சொல்லிக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் யோசியுங்கள். அவர் குடிமகளாக ‘ஆக்கப்படவில்லை’. பிறந்த நாளிலிருந்தே குடிமகள். ஓர் இந்தியக் குடிமகளை அகதிப் பதிவேட்டில் வைத்து, வருகைக் கணக்கு எடுத்த அத்தனை ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

அமெரிக்க மாவட்டங்கள் கற்ற பாடம்

இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே குடியேற்றம் கூட்டாட்சி அரசின் அதிகாரம். ஆனால் உள்ளூர்ச் சிறைகளை நடத்துவது கவுண்டி எனப்படும் மாவட்ட அரசுகள். ‘இவர் அயல்நாட்டவராக இருக்கலாம், நாங்கள் வரும்வரை பிடித்து வையுங்கள்’ என்று குடியேற்றத் துறை ஒரு தாள் அனுப்பும். சிறை நிர்வாகம் ஜாமீன் கிடைத்தவரையும் விடாமல் வைத்திருக்கும்.

பென்சில்வேனியாவின் லீஹை மாவட்டச் சிறையில் 2008-இல் அப்படி ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமகன். அவர் வழக்குப் போட்டபோது, நாங்கள் மேலிடம் சொன்னதைத்தான் செய்தோம் என்றது மாவட்டம். 2014 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தாள் ஒரு வேண்டுகோள், கட்டளை அல்ல. மறுக்கும் உரிமை உனக்கு இருந்தது, ஆகவே பொறுப்பும் உனக்கு உண்டு என்பதுதான் தீர்ப்பின் சாரம். அடுத்த மாதமே ஓரிகான் மாநிலத்தின் கிளாக்கமஸ் மாவட்டத்துக்கு எதிராகவும் ஒரு பெண் வென்றார். தகுந்த காரணம் இல்லாமல் பிடித்து வைத்தது அரசமைப்பு மீறல் என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு ஏராளமான மாவட்டங்கள் தாளை மட்டும் பார்த்து ஆள் பிடித்து வைப்பதை நிறுத்தின. இதே போன்ற வழக்கில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2020-இல் 1.4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் கட்ட வேண்டும் என்று வந்தபோது மனித உரிமை புரிந்தது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. ஒத்துழைக்க மறுக்கும் உள்ளூர் அரசுகளுக்கு அபராதம் போட டெக்சஸ் மாநிலம் 2017-இல் சட்டமே கொண்டுவந்தது. நம் ஊருக்கும் அங்கேக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசு மாநில அதிகாரிகளுக்குக் கட்டளையிட முடியாது. இங்கே 256, 257 பிரிவுகளின் கீழ் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு உத்தரவிடலாம். ஆகவே தமிழ்நாடு முழுமையாக மறுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி அது நிற்காது. ஆனால் உத்தரவிட ஒருவருக்கு அதிகாரம் இருப்பதால், நிறைவேற்றுகிறவரின் பொறுப்பு காணாமல் போகாது. அந்த இடத்தில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தை விடப் பலவீனமானது இல்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்பில் சொற்களைக் கவனியுங்கள். 19-வது பிரிவு ‘குடிமக்கள்’ என்று சொல்கிறது. 14-ம் 21-ம் ‘எந்த நபருக்கும்’ என்கின்றன. வாழ்வும் தனிமனித சுதந்திரமும் கடவுச்சீட்டைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் பேசியது. செய்தி எல்லா ஊடகத்திலும் ஓடியது. இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பது அந்த வாதம். இருக்கட்டும். குடியிருக்கும் உரிமை இல்லை என்பதால், காரணமின்றி, காலவரம்பின்றி அடைக்கப்படாமல் இருக்கும் உரிமையும் இல்லை என்று ஆகிவிடாது. 1996-இல் அருணாச்சலப் பிரதேச அரசுக்கு எதிரான வழக்கில், சக்மா அகதிகளின் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை என்று இதே உச்சநீதிமன்றம்தான் சொன்னது.

இழப்பீடும் புதிதல்ல. விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் உச்சநீதிமன்றம் நேரடியாக இழப்பீடு வழங்கச் சொன்னது. சாந்தனின் கதையோடு சேர்த்துப் படியுங்கள். 1993-இல் நீலபதி பெஹெரா வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மை என்ற கவசத்துக்குப் பின்னால் அரசு ஒளிய முடியாது என்று தீர்ப்பு வந்தது. 2000-இல் சந்திரிமா தாஸ் வழக்கில், ஹவுரா ரயில்வே விடுதியில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு உறுதியானது. அவர் குடிமகள் அல்ல என்ற வாதம் எடுபடவில்லை.

1946 சட்டத்தின் 15-வது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக வழக்குத் தொடர முடியாது என்று அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் உயர்நீதிமன்றம் 226-வது பிரிவின் கீழ் அரசமைப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசிடம் இழப்பீடு கேட்பதை ஒரு சாதாரணச் சட்டத்தின் பிரிவு தடுத்துவிட முடியாது. தவிரவும், மருத்துவமனைக்கு நேரத்தில் அனுப்பாததும், விடுதலையானவரை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் எந்த வகை நல்லெண்ணம்?

நமக்கு ஏன் இந்த வேலை?

நமக்கே ஆயிரம் வழக்கு இருக்கிறது, இதில் ஏன் தலையிட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இரண்டு.

ஒன்று, சந்தேகம் எப்போதும் ஏழைகள் மேல்தான் விழும். ஒன்றிய உள்துறை 2025 மே மாதத்தில், சட்டவிரோதமாகக் குடியேறியதாகச் சந்தேகிக்கப்படுவோரை 30 நாட்களில் சரிபார்க்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே தில்லியில் குப்பை பொறுக்கிப் பிழைத்த, மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரைக் குடும்பத்தோடு பிடித்து வங்கதேசத்துக்குள் தள்ளினார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றம் செப்டம்பரில் அந்த வெளியேற்ற உத்தரவை ரத்து செய்தது. அவர் திரும்பி வர டிசம்பர் ஆனது. யாரையும் எடுத்த எடுப்பில் சந்தேகித்து, நீயே நிரூபி என்று சொல்ல முடியாது, அரசின் கையில் முதலில் ஆதாரம் இருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் ரஹீம் அலி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. சொல்லியும் இப்படி நடந்தது. பிறப்புச் சான்று இல்லாத தாத்தா, பெயர் மாறிப் பதிவான பாட்டி, வாடகை ஒப்பந்தமே இல்லாத குடிசை — இது யாருடைய வீடு என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டு, ‘மேலிடத்து உத்தரவு’ என்ற பதிலை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. வன்கொடுமைப் புகாரை வாங்காத காவல் நிலையமும் அதைத்தான் சொல்லும். பட்டா தராத வட்டாட்சியர் அலுவலகமும் அதைத்தான் சொல்லும். அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியருக்குத் தண்டனை வைத்தது. ஆட்சி என்பது முகம் இல்லாத இயந்திரம் அல்ல, கையெழுத்துப் போடும் மனிதர்கள் என்பதைச் சட்டத்தில் எழுத வைத்தது நம் இயக்கங்களின் போராட்டம். அந்தப் பாடத்தை முகாம் வாசலில் மறந்துவிடலாமா?

தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அகதிகள் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியது. வரவேற்றோம். அதே அரசின் ஆணையில்தான் சிறப்பு முகாமின் பூட்டும் தொங்கியது. 2021-லும் 2022-லும் உள்ளே இருந்தவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த இரட்டை வேடத்தைக் கேள்வி கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கோரிக்கைகள் எளிமையானவை. முகாமில் வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அவருக்குப் புரியும் மொழியில், காரணத்தோடு எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். காலவரம்பு வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் நீதித்துறை அதிகாரி ஒருவர் மறுஆய்வு செய்ய வேண்டும். தண்டனை முடிந்தவரையும் ஜாமீன் பெற்றவரையும் அங்கே கொண்டுபோவது நிற்க வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதித்தால் யார் பொறுப்பு என்று ஓர் அதிகாரியின் பதவி குறிப்பிடப்பட வேண்டும்.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவரும் சாதி வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். காவலில் இருப்பவரும் அந்தப் பட்டியலில் உண்டு. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. முகாமில் இருப்பவர்களுக்குச் சட்ட உதவி போகிறதா என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்திடம் பாதிக்கப்பட்டவருக்காக வேறு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இன்னும் எளிய வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. உள்ளே இருப்பவர், தான் ஏன் உள்ளே இருக்கிறேன் என்று அந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. நாம் கேட்கலாம். எத்தனை பேர், எந்த ஆணையின் கீழ், எத்தனை நாட்களாக, எந்தெந்தத் தேதிகளில் மறுஆய்வு, எத்தனை மருத்துவமனைப் பரிந்துரைகள், ஒன்றிய அரசு எவ்வளவு செலவுத்தொகை தந்தது என்று பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கையையும் தேதிகளையும் கேளுங்கள். 2019 தீர்ப்புக்குப் பிறகு வந்த குடியுரிமை விண்ணப்பங்களில் எத்தனை ஒன்றிய அரசுக்குப் போயின, எத்தனை கிடப்பில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள்.

பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு தாள், ஒரு கையெழுத்து. பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ‘எங்களுக்குத் தெரியாது, ஒன்றிய அரசைக் கேளுங்கள்’ என்று பதில் வந்தாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நாளை நீதிமன்றத்தில் அதுவே முதல் ஆவணம். பூட்டியவருக்கே ஏன் பூட்டினோம் என்று தெரியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜெய் பீம்.